முதலில் வந்தது வலது ஷூ

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் முழங்காலில் வந்துதான் நிற்கிறது. ஒருத்தருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, இன்னொருத்தருக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. நான் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த விஷயத்தில் உங்கள் எல்லோருக்கும் நான் சீனியர். நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் வகுப்பில் நான் இரண்டு வயதிலேயே சேர்ந்துவிட்டேன்.

போன மாதம் வேலூரில் ஒரு செருப்புக் கடைக்கு மகள் என்னை அழைத்துப் போயிருந்தாள். கடைக்காரர் குனிந்து என் கால்கள் இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் வேற வேற சைஸு மேடம். ரெண்டு ஜோடி வாங்கிக்கினு ஒண்ணுல இடதும் ஒண்ணுல வலதும் போட்டுக்கோங்க" என்றார். மிச்சமாகும் இரண்டை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். "எங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் ஒரு சண்டை நடந்திருக்கும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. சின்ன வயசுக்காரிக்குக் கடையில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற கதையா அது? உங்களுக்குச் சொல்கிறேன், உட்காருங்கள்.

எங்கள் வீடு ஆம்பூரில், ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம். அப்பாவுக்கு டேனரியில் டிரம் வேலை. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் மர டிரம்மில் தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிட்டு, சொட்டச் சொட்ட வாரி எடுக்க வேண்டும். அதனால் அவர் நகங்கள் எப்போதும் வெளிறிய நீலமாக இருக்கும். எல்லா அப்பாக்களுக்கும் நகம் நீலம்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில் பீடி சுற்றினாள். அப்பா வந்தால் ஈரத்தோல் வாடை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் புகையிலைத் தூள் நெடி. வெளியூரிலிருந்து வரும் அத்தை மூக்கை மூடிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவாள். எனக்கு அந்த இரண்டும் சேர்ந்தால்தான் வீடு.

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காலிப்பர் போட்டுவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் தோல் வார், கீழே கம்பியோடு சேர்ந்த ஒரு பூட்ஸ். கம்பியில் துளைகள் இருந்தன. நான் வளர வளர நீட்டிக்கொள்ளலாம். பூட்ஸுக்கு அந்த வசதி இல்லை. வேலூர் போய் மாற்றிக்கொண்டு வரலாம்தான். அதற்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டும், இரண்டு பேர் வேலையும் கெடும். பண்டிகை போகட்டும், மழை போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. அப்பா அதைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினார். நடந்தால் டியூப் முனகும். "உம்பொண்ணு வர்றது எனக்கு ரெண்டு தெரு முன்னாடியே கேக்குது" என்பார் எதிர்வீட்டு சோடாக்கடைக்காரர்.

அந்தக் கோடையில் ஐந்தாம் வகுப்பு முடிந்தது. ஆறாம் வகுப்பு லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில், அதுவும் மாடியில். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டாள். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனாலும், "தினமும் யாரு தூக்கிட்டு வந்து விடுவீங்க? தானா படியேறி வரட்டும், சேர்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம், "உக்காந்து செய்யற வேலை நம்மகிட்டயே கீது. அவளுக்கு அது போதும்" என்றாள். அந்த வாரமே எனக்கென்று ஒரு தகடு வாங்கி வந்தாள். பீடி இலையின்மேல் வைத்து அளவாக வெட்டுவதற்கான, உள்ளங்கை நீள இரும்புத் தகடு. புதுத் தகட்டின் ஓரம் கையை அறுக்கும் என்று, கல்லில் தேய்த்துத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தாள். மூன்றே நாளில் நான் இலை வெட்டக் கற்றுக்கொண்டேன். "கை வேகமா வருது" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமையைக் கேட்டதும் அழுகை வந்தது. தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முன் டேனரி முதலாளி, வேலை செய்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் அரிசியும் சர்க்கரையும் கொடுப்பார். யாருக்கு எந்தச் சாமி என்று பார்க்கமாட்டார். அப்பாவோடு நானும் போனேன். டியூப் முனக முனக வரிசையில் நகர்ந்தேன். முதலாளி உயரமான மனிதர், வெள்ளை ஜிப்பா. எங்களை மாதிரிப் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் எங்கள் காலைத்தான் பார்ப்பார். தோல் வியாபாரியின் கண் முதலில் அங்கேதான் போகும் போலிருக்கிறது.

"இன்னாப்பா இது? ஷூவுக்கு டியூப் கட்டி வெச்சிக்கீற?"

"பிரிஞ்சிடுச்சி மொதலாளி."

"நம்ம கேட்டுக்குள்ள இப்பிடி ஒரு ஷூ நடந்து வரலாமா? எனக்கில்ல அசிங்கம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். திட்டு விழுந்ததாகவே அவர் காதில் பதிந்துவிட்டது. இன்றைக்கு யோசித்தால், அந்தக் கோடையின் குழப்பம் முழுக்க அந்தக் குனிந்த தலையில்தான் ஆரம்பித்தது.

டேனரிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி ஒரு ஷூ கம்பெனியும் வைத்திருந்தார். வெளிநாட்டுக்கு ஷூ போகிற இடம். அங்கிருந்து சாம்பிள் மாஸ்டரைக் கூப்பிட்டு, "அளவு எடுங்க" என்றார். மாஸ்டர் ஒல்லியான மனிதர், காதில் பென்சில். பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, "ரெண்டு காலையும் வைம்மா" என்றார்.

இரண்டு காலையும் என்று என்னிடம் யாரும் கேட்டதே கிடையாது. வலது காலைச் சுற்றிப் பென்சில் போனபோது கூசியது, சிரித்தேன். இடது காலுக்கு வந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தேன். நடை வராத காலுக்கும் கூச்சம் வரும் என்பது பலருக்குத் தெரியாது. மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "பாருங்க, ரெண்டு காலுக்கும் ஒரே சிரிப்பு!" என்றார். அரிசி மூட்டையோடு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அப்பா அம்மாவிடம், "இனிமே இவளை அங்க இட்டுக்கினு போவ மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கம்பெனி வாட்ச்மேன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்து, "மாஸ்டர் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரித்தோம். அவ்வளவு அழகான ஷூவை நான் பார்த்ததில்லை. வெல்லப்பாகு நிறம், ஓரமெல்லாம் எறும்பு வரிசை மாதிரித் தையல். ஆனால் ஒன்றுதான் இருந்தது. அம்மா செய்தித்தாளை உதறினாள், திருப்பினாள். வேறொன்றும் விழவில்லை.

வலது கால் ஷூ. எனக்கு நன்றாக இருக்கிற கால்.

ஷூவுக்குள் ஒரு அட்டை நூலில் கட்டித் தொங்கியது. இங்கிலீஷ். எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர் சோடாக்கடைக்காரர் ஒருவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "சாம்பிள்... ரைட்டு... நாட் ஃபார் சேல். அதாவது, இது விக்கிறதுக்கு இல்ல."

அம்மாவின் முகம் மாறியது.

"விக்க முடியாத சரக்கா? அதான் நமக்குத் தள்ளி வுட்டுட்டானுங்களா?"

"அப்பிடி இல்லம்மா..." என்று சோடாக்கடைக்காரர் இழுத்தார். "இங்கிலீஷுல எழுதுறவன் எதையுமே மொட்டையாத்தான் எழுதுவான்."

"ஒத்தை ஷூ. அதுவும் நல்லா கீற காலுக்கு. இந்தக் காலு இருந்தா இன்னா, போனா இன்னான்னு சொல்றானுங்க!" என் இடது காலைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். அப்பா வந்ததும், "நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வா" என்றாள். அப்பா சரி என்றார். மறுநாள் மறந்துவிட்டேன் என்றார். அதற்கு மறுநாளும். சுவருக்கு அந்தப் பக்கம் போய், "இது இன்னா?" என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் இன்னொன்றும் கொடு என்று கை நீட்டுவதுபோல ஆகிவிடுமோ என்று பயம். ஷூ இலை மூட்டையின்மேல் கிடந்தது.

ஒரு மதியம் அம்மா பீடி ஒப்படைக்கப் போயிருந்தபோது நகர்ந்து போய் அதை எடுத்து வலது காலில் மாட்டிப் பார்த்தேன். கச்சிதம் என்று சொல்ல முடியாது. பெருவிரலுக்கு முன்னால் விரல் அகலம் இடம் இருந்தது. காலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். நான் வளர்வேன் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். விற்காத சரக்கில் இப்படி இடம் விடுவார்களா? அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் மாட்டிப் பார்த்தது தெரிந்துவிடும். சொல்லவில்லை. நானும் அப்பாவின் மகள்தானே.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து, மாஸ்டரே வந்துவிட்டார். சைக்கிளைச் சோடாக்கடை நிழலில் சாய்த்துவிட்டுத் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர் என்று அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் கை உயர்த்தி, "வேணாம்மா" என்றார். அம்மா சொம்பைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றவர்களை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"நோன்பும்மா. சாயந்திரமா வந்திருந்தா ரெண்டு சொம்பு கேட்டு வாங்கிக் குடிச்சிருப்பேன்" என்றார் மாஸ்டர். பிறகு என்னைப் பார்த்து, "ஷூ எப்பிடிம்மா கீது? உங்ககிட்ட இருந்து பதிலே வரலியே. டைம் கம்மியா கீது" என்றார்.

அவ்வளவுதான். அம்மா வெடித்துவிட்டாள்.

"இன்னா பதிலு வேணும் பாய் உங்களுக்கு? ஒத்தை ஷூவக் குடுத்துட்டுப் பதிலு வேற கேக்க வந்துட்டீங்களா? எம் பொண்ணுக்கு ரெண்டு காலு கீது. ஒண்ணு வராது, அவ்ளோதான். இல்லாமப் போவல!"

மாஸ்டர் திகைத்து நின்றார். "சாம்பிளுன்னா ஒத்தைதானேம்மா?" என்றார், தண்ணீர் என்றால் ஈரம்தானே என்கிற மாதிரி.

அப்புறம் மெதுவாக விளக்கினார். கம்பெனியில் எந்த ஷூவானாலும் முதலில் ஒரே ஒரு கால்தான் செய்வார்களாம். எப்போதும் வலது. அதை வாங்கப்போகிற வெளிநாட்டுக்காரர், அவர்கள் பேச்சில் பையர், பார்த்து, குறை இருந்தால் சொல்லி, சரி என்று எழுதி அனுப்பினால்தான் ஜோடியில் கை வைப்பார்களாம்.

"ரெண்டையும் அனுப்புனா நடுவுல எவனாவது மாட்டிக்கினு போய்டுவான்ல? அதான் ஒத்தை. விக்கக் கூடாதுன்னு அட்டை. நீங்க சரின்னு சொன்னாத்தானேம்மா நான் அடுத்த வேலை பாக்கணும்? ரெண்டு வாரமா அதுக்குத்தான் காத்துக்கினு கீறேன்."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவளுக்கு வராதது இடது காலு பாய்."

மாஸ்டர் ஷூவைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மறுபடி ஷூவைப் பார்த்தார். படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ. அய்யோ அல்லா. இடது காலுக்கில்ல மொதல்ல பாத்திருக்கணும்! நான்தானே ரெண்டையும் வரைஞ்சேன்? மூணு நாளு உக்காந்து, ஷூ தைக்கறதுக்கு அந்தக் காலு மாதிரியே தனியா மரக்கட்டை இழைச்சி வெச்சிக்கீறேம்மா. கட்டை மேசை மேலயே கீது. ஆனா ஷூ போடணும்னு உக்காந்ததும் கை தானா வலதுக்குப் போய்டுச்சி. இத்தினி வருசமா வலது தைச்ச கை."

அம்மா விசிறியை எடுத்து அவர் பக்கம் வீச ஆரம்பித்தாள். தண்ணீர்தான் கொடுக்க முடியாது, காற்றாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஒரே ஒரு சுவர்தான் நடுவில், யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் ஒருத்தர் பதிலுக்குக் காத்திருக்கிறார். இந்தப் பக்கம் எங்கப்பா கேள்வியை விழுங்கிக்கொண்டு தோல் வாருகிறார். இருவரும் ஒரே கடையில்தான் டீ குடிப்பவர்கள்.

மரக்கட்டையைக் காலோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று மாஸ்டர் சொன்னதால், மறுநாள் காலை அம்மா என்னைக் கம்பெனிக்குத் தூக்கிப் போனாள். உள்ளே வரிசை வரிசையாகப் பெண்கள் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை, இனிப்பாக, தலை சுற்றுகிற மாதிரி. சாம்பிள் ரூமில் கூரை வரைக்கும் அலமாரி. அதில் கருப்பு, பழுப்பு, சிவப்பு, குதிகால் உயர்ந்தது, தட்டையானது என்று எத்தனையோ ஷூக்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் வலது கால். ஒரு இடதுகூட இல்லை.

உலகத்தில் என்னை மாதிரி இத்தனை பேரா? இவர்களுக்கென்று ஒரு கம்பெனியே நடக்கிறதா?

"மாஸ்டர், இவங்க யாருக்குமே இடது காலு வராதா?"

மெஷின்காரப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் சிரிக்காமல் யோசித்தார். "வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லாம் இடது காலு கொஞ்சம் லேட்டாத்தாம்மா வரும்" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாளில் இடது கால் ஷூ தயாரானது. குதிகாலில் காலிப்பர் கம்பி போய் உட்கார இரும்புக் குழல் வைத்து, உள்ளே பஞ்சு மாதிரி மெல்லிய தோல் வைத்திருந்தார்கள். சாம்பிள் ரூமில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. பையர்கள் வந்தால் உட்கார்வதற்கு. முதலாளி உள்ளே வந்து, "இன்னா, பையர் வந்துட்டாங்களா?" என்று கேட்டு என்னை அதில் உட்கார வைக்கச் சொன்னார். அம்மா பதறினாள். அவர் கேட்கவில்லை. மாஸ்டர் கீழே உட்கார்ந்து இரண்டு ஷூவையும் மாட்டிவிட்டார். எழுந்து நின்றேன். முனகல் இல்லை. அலமாரி வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன்.

"குறை சொல்லும்மா" என்றார் முதலாளி. "குறையே சொல்லாத பையரைக் கண்டா எனக்கு பயம். மறுபடி வரவே மாட்டாங்க."

குனிந்து தையலைத் தடவிப் பார்த்தேன், அதில் குறை இல்லை. இருந்தாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லிவிட்டேன்.

"ஸ்கூலுக்குக் கருப்புதான் போடணும்."

அம்மா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். முதலாளி மாஸ்டரைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? கலர் ரிஜெக்ட்."

"கேட்டேன் சாப்."

"அச்சா. கருப்புல நல்ல தோலா எடுங்க. ஓரத்துல வெட்டாதீங்க, நடுவுல வெட்டுங்க."

"வேணாம் மொதலாளி, சின்னப் பொண்ணு, தெரியாம..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சிதாம்மா சொல்லுது" என்றார் அவர்.

மாஸ்டர் அந்த அட்டையையும் காதிலிருந்த பென்சிலையும் என்னிடம் கொடுத்தார். அளவு சரி, கலர் கருப்பு என்று தமிழில் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். அதுதான் என் வாழ்க்கையில் முதல் கையெழுத்து. பென்சில் அவர் காதுச் சூட்டோடு இருந்தது. வெல்லப்பாகு நிற வலது ஷூவை அந்த அட்டையோடு அலமாரியில், வெளிநாட்டுக்காரர்கள் நடுவில் வைத்தார்கள். பையர் சரி என்ற சாம்பிள் கம்பெனியில்தான் இருக்க வேண்டுமாம்.

நான் வளர்வது நிற்கும் வரைக்கும் ஒவ்வொரு கோடையிலும் வாட்ச்மேன் வந்து, "பையரை மாஸ்டர் இட்டாரச் சொன்னாரு" என்பார். பழுப்புக் காகிதம், பென்சில், கூச்சம். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு குறை சொன்னேன். சொல்லாவிட்டால் மாஸ்டர் விடமாட்டார். பிற்பாடு கம்பெனி இடம் மாறியது, அந்த அலமாரி எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போதெல்லாம் நாலு நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் பின்னால் பேனர், முன்னால் செல்போன். குறையாகச் சொல்லவில்லை. கொடுக்கிறார்களே, அதுவே பெரிது. என்னை அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள்.

பள்ளி திறந்த அன்று காலை அம்மா பையைத் தானே கட்டித் தந்தாள். லைனைத் தாண்டி நான் முன்னால் நடந்தேன், அவள் நாலடி பின்னால் வந்தாள். மாடிப்படிக்குக் கீழே நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். கருப்பு ஷூ, கல்லில் டக் டக் என்று கேட்டது. மேலே பெரிய டீச்சர் நின்றிருந்தார். அவர் கை நீட்டவில்லை. கடைசிப் படி ஏறியதும் நகர்ந்து வழிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். அம்மாவைக் காணோம். நான் பார்க்கிற இடத்தில் நின்று அழ அவளுக்குப் பிடிக்காது.

முதல் வகுப்பில் டீச்சர் நோட்டைத் திறந்து மார்ஜின் கோடு போடச் சொன்னார். எல்லோரும் ஸ்கேல் எடுத்தார்கள். என்னிடம் ஸ்கேல் இல்லை. வெறுமனே இருப்பதற்கு வெட்கப்பட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அடியில், சில்லென்று, பழக்கமான ஒன்று தட்டுப்பட்டது.

என் பீடித் தகடு. தூள் நெடி போகச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தாள் அம்மா.

அதை நோட்டின் ஓரத்தில் வைத்துக் கோடு போட்டேன். மழுங்கத் தேய்த்த ஓரம், கையை அறுக்கவில்லை. கோடு நேராக வந்தது.